பதிலுக்கு நிற்காதவர்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு எங்கள் மருத்துவமனையின் கணினித் திரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. அணையவில்லை. நீலத் திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அவசரப் பிரிவின் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே உள்ள கட்டிலில் என் மகள் கிடந்தாள். பதினேழு வயது. நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். டியூட்டி டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "முன்னாடி ஒரு ஊசி ஒத்துக்கிடலைன்னு சொன்னீங்கல்லா, அது எது?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம் டாக்டர், சிஸ்டத்துல இருக்கு" என்றேன்.

வட்டம் சுற்றியது.

அந்த வட்டத்தை எங்களுக்குக் கொண்டுவந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் எழுதப் போவதில்லை. சங்கரன்கோவில் சின்ன ஊர். தவிரவும், பெயரை எழுதும் அளவுக்கு என் கை இன்னும் நிதானத்துக்கு வரவில்லை.

நிர்வாக அலுவலர் என்பதால் எங்களுக்கு அவர் ஏ.ஓ. சார். வெளியூரில் பெரிய மருத்துவமனை ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். நல்ல உயரம். மடிப்பு கலையாத வெளிர்நீலச் சட்டை. ரப்பர் அடி வைத்த ஷூ என்பதால் அவர் வருவது காதில் விழாது. திடீரென்று அறைக்குள் தலை நீளும், ஒரு கேள்வி வரும். கேட்கும்போது முகம் நம் பக்கம் இருக்கும். பாதங்கள் அடுத்த அறையைப் பார்த்திருக்கும். நாம் வாயைத் திறப்பதற்குள் "நல்லது" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். மிச்சப் பதிலை நாம் கதவுக்குத்தான் சொல்ல வேண்டும்.

அவர் வந்த முதல் மாதம் நாங்கள் எல்லோரும் உருகிப்போனோம். அவருக்கு முன்னால் இருந்தவர் யாரிடமும் எதையும் கேட்டவர் அல்ல. இவரோ சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார், பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்கிறார், பஸ் நேரத்துக்குக் கிடைக்கிறதா என்று கேட்கிறார். கேள்விகள் மட்டும்தான் அவருடையவை, பதிலுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று புரிய எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

வார்டில் உதவியாளராக இருக்கும் குருவிகுளத்து அக்கா, தன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று நடந்தது இது. மாடிப்படியில் எதிரே வந்த ஏ.ஓ. கேட்டார்.

"அப்பாவுக்கு இப்போ எப்படி இருக்கு?"

"போயிட்டாவ சார்."

"நல்லது. நான் கேட்டதாச் சொல்லுங்க."

அவர் இரண்டு படி மேலே போய்விட்டார். அக்கா கையில் வாளியோடு அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எங்கன போய்ச் சொல்ல மேடம்? சொல்லணும்னா நானும்லா அங்கன போகணும்!" என்றாள். படியில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஒரு வாரம் மருத்துவமனை முழுக்க இதுதான் பேச்சு. கேன்டீனில் டீ கேட்டால்கூட, "நான் கேட்டதாச் சொல்லுங்க" என்பார்கள். அக்கா அன்று மதியம் துணி அடுக்கும் அறையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. வேடிக்கையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் காசுக்காக யாரிடமும் கை நீட்டியவர் அல்ல. குரல் உயர்த்தியதில்லை. பெண்களிடம் கண்ணியமானவர். ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவார். அவரை வெறுப்பது அவ்வளவு எளிதல்ல. நான் சிரமப்பட்டுத்தான் வெறுக்கிறேன்.

நான் அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாளர். நோயாளிகளுக்கு என்ன நோய், என்ன மருந்து கொடுத்தார்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் என் பிரிவு வழியாகத்தான் கணினிக்குள் போகும். எங்களிடம் அறுபத்து மூன்று கணினிகள் இருந்தன. பாதி கிழடு தட்டியவை. வரவேற்பில் ஒன்று, மின்விசிறியை விடச் சத்தமாக ஓடும். யாராவது பென் டிரைவில் சினிமாப் பாட்டு கொண்டுவந்து செருகினால், மூன்று மேஜைகளுக்கு வைரஸ் பரவும். கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், சிஸ்டம் அண்ணாச்சி என்போம். மாடிக்கும் கீழுக்கும் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி ஓடி அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது.

ஆகவே மாற்றம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மதுரையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்து விளக்கினார். டெஸ்க்டாப் விர்ச்சுவலைசேஷன் என்று பெயர். இனிமேல் மேஜையில் கணினி இருக்காது. திரை, கீபோர்டு, கை அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான். அறுபத்து மூன்று கணினிகளும் கீழ்த்தளத்து அறையில் உள்ள ஒரே பெரிய சர்வருக்குள் உயிர் வாழும். நாம் திரையில் பார்ப்பது அங்கிருந்து வரும் படம். எந்த மேஜையில் உட்கார்ந்து நம் பெயரைப் போட்டாலும் நம் கணினி அங்கே வந்து நிற்கும். வைரஸ் இல்லை, பென் டிரைவ் இல்லை, ஓட்டம் இல்லை. எனக்கே ஆசையாக இருந்தது.

தீர்மானிப்பதற்காக எல்லாப் பிரிவுப் பொறுப்பாளர்களையும் ஏ.ஓ. கூட்டினார். வடையும் காபியும் வந்தன. ஒரு அரைமணி நேரம் படம் காட்டிய பிறகு ஏ.ஓ. எழுந்தார்.

"எல்லாருக்கும் சம்மதந்தான?"

சிஸ்டம் அண்ணாச்சி கையைத் தூக்கினார். "சார், ஒரு சந்தேகம்."

"சந்தேகம் இருக்கத்தான செய்யும். நல்லது" என்று சொல்லிவிட்டு ஏ.ஓ. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணாச்சி அதாலேயே ஒரு வடையை எடுத்துக்கொண்டார். நாங்கள் மறுபடியும் சிரித்தோம். அந்த வருடம் நாங்கள் நிறையச் சிரித்தோம்.

அந்தச் சந்தேகத்தை அண்ணாச்சி என்னிடம் வந்து இறக்கி வைத்தார்.

"மேடம், நான் வேண்டாங்கல. நல்ல சாமான்தான். ஆனா எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தக் கூடாது. கேசுவால்டியிலயும் பார்மஸியிலயும் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு ஒண்ணு தனியா ஓடட்டும். தினமும் ஒரு காப்பி அதுல இறங்கட்டும். இந்தச் சர்வர் படுத்துட்டுன்னா மொத்த ஆஸ்பத்திரிக்கும் கண்ணு தெரியாமப் போயிரும். நீங்க சொன்னா கேப்பாரு, நீங்க எம்.காம்."

நானும் போனேன். ஏ.ஓ. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டார். "சார், கேசுவால்டி விஷயமா..." என்று தொடங்கினேன். "கேசுவால்டிதான் முக்கியம் மேடம். கரெக்ட். நல்லது" என்று சொல்லிக்கொண்டே அவர் எக்ஸ்ரே அறைக்குள் போனார். என்னோடு முழுக்க ஒத்துப்போன முகம் அது. அடுத்த வாரம் மாற்ற வேண்டிய பிரிவுகளின் பட்டியல் வந்தது. அதில் கேசுவால்டி முதல் வரியில் இருந்தது. கேசுவால்டி என்று பேச்செடுத்தது நான்தானே.

சோதனை ஓட்டம் நடந்தது எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித்தபசு அன்று. ஊருக்கு உள்ளூர் விடுமுறை. வெளிநோயாளிகள் பிரிவு மூடியிருந்தது. ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. மருத்துவமனையிலோ கால் நீட்டிப் படுக்கலாம். இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு திரைகளும் தண்ணீர் ஓடுவதுபோல ஓடின. கம்பெனி ஆள் எங்களைப் படம் எடுத்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். கீழே ஒரு வரி: கண்ட குறைகள்.

எனக்கு ஒரு குறை தெரிந்திருந்தது. எங்கள் மருத்துவமனையில், நிறுவிய பெரிய டாக்டர் காலத்திலிருந்து, காலை ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கியில் பிரார்த்தனை. இரண்டு நிமிடம் அவரவர் இடத்தில் எழுந்து நிற்போம். அதோடு ஏ.ஓ. ஒரு விதியைச் சேர்த்திருந்தார். வருகைப் பதிவேடு இனி கிடையாது. கணினியில் யார் எத்தனை மணிக்கு லாகின் செய்கிறார்களோ அதுவே வருகை. ஒன்பது ஐந்தைத் தாண்டினால் அரைநாள் விடுப்பு. அதனால் பிரார்த்தனையின் கடைசிச் சொல் முடிந்ததும் அறுபத்து மூன்று பேரும் ஒரே நொடியில் கீபோர்டில் விழுவார்கள். தனித்தனிக் கணினிகளாக இருந்தவரை அது பரவாயில்லை. எல்லாம் ஒரே சர்வருக்குள் இருந்தால்? படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். ஏ.ஓ. தலையை நீட்டி, "பிரச்சினை ஒண்ணும் இல்லைல்லா மேடம்?" என்றார். நான் நிமிர்ந்தபோது அவர் இல்லை. வீட்டில் மகள் தபசுக் காட்சிக்குக் கிளம்பி நின்றாள், இரண்டு முறை போன் செய்துவிட்டாள். கண்ட குறைகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காகிதக் கோப்புகளைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே ஒரு கிட்டங்கிக்கு அனுப்பியதும் அந்த மாதம்தான். "எல்லாம் உள்ள ஏத்தியாச்சுல்லா?" என்று அவர் கேட்டார். ஏற்றியாயிற்று, ஆனால் கட்டுகளுக்கு வரிசை எண் போட ஒரு வாரம் வேண்டும் என்பதை நான் கதவிடம் சொன்னேன். மறுநாள் லாரி வந்தது.

பிரிவு பிரிவாக மாற்றினார்கள். முதலில் இருபது பேர், பிறகு நாற்பது. ஒன்பது மணிக்குத் திரை கொஞ்சம் தயங்கும், பிறகு வந்துவிடும். அறுபத்து மூன்று பேரும் புதிய பெட்டிக்கு மாறிய முதல் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

மகளுக்கு ஞாயிறு மாலையே காய்ச்சல். காலையில் என் கணவர் மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் வேலைக்குப் போகும்போதே டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு எட்டே முக்காலுக்கு வந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவள் கால் மடங்கியது. சிறுநீரகத்தில் தொற்று, ரத்த அழுத்தம் இறங்குகிறது, ஆன்டிபயாட்டிக் ஊசி உடனே போட்டாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே மருத்துவமனையில் இவளுக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக் ஊசிகள் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று ஒத்துக்கொள்ளாமல் உதடும் தொண்டையும் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்ததே பெரிது. இரண்டு பெயர்களையும் கணினியில் தட்டியவள் நான். ஒன்றின் பக்கத்தில் சிவப்புக் குறி போட்டவளும் நான். எந்த ஒன்று? இரண்டு பெயர்களும் என் நாக்கில் மாறி மாறி வந்தன. டிஸ்சார்ஜ் சீட்டை வீட்டில் நான் பத்திரமாக வைக்கவில்லை. நான் வேலை செய்யும் இடத்திலேயே எல்லாம் இருக்கிறதே, பிறகு எதற்கு?

"பெரிய டாக்டர் ஆபரேஷன்ல இருக்காங்க மேடம். நம்மகிட்ட இதுக்கு இருக்கது நீங்க சொல்லுத அந்த ரெண்டு ஊசிதான். இப்போ நான் சலைன் மட்டும் போடுதேன்" என்றார் டாக்டரம்மா. அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "தெரியாம அந்த ஊசியே விழுந்துட்டுன்னா, இந்த ப்ரெஷருக்குப் பிள்ள தாங்காது. சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க."

நான் திரையின் முன்னால் நின்றேன். மகள் கண்ணைத் திறந்து, "ஏம்மா அதையே பாத்துட்டு நிக்க? என்னையப் பாரு" என்றாள்.

தாழ்வாரத்தில் சிஸ்டம் அண்ணாச்சியின் சத்தம். மதுரைக்காரர்கள் போனில் சொல்லியிருக்கிறார்கள்: எல்லோரும் கையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருந்தால் சர்வர் மூச்சு விட்டுத் தானாக எழுந்துவிடும். ஆனால் யார் கையை எடுத்தார்கள்? வட்டம் சுற்றுவதைப் பார்த்ததும் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டார்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் சர்வரின் தலையில் இன்னொரு சுமை. தேய்ந்த முட்டியோடு அண்ணாச்சி மாடி மாடியாக ஏறினார்.

"யாரும் தொடாதீங்க! தயவு செஞ்சு தொடாதீங்க!"

"அண்ணாச்சி, மணி ஒம்பது ஏழு. அரைநாள் போயிரும்லா!" என்று பில்லிங்கிலிருந்து ஒரு குரல்.

"உங்க அரைநாளை நான் தாரேன்! கைய எடுங்க தாயி!"

"நீங்க தருவீங்க, ஏ.ஓ. தருவாரா?"

அதுதான் விஷயம். மைக்கில் ஏ.ஓ. ஒரு வார்த்தை சொன்னால் போதும்: இன்றைக்கு லாகின் கணக்கில்லை, எல்லோரும் கையை எடுங்கள். அவரைத் தேடி அண்ணாச்சி மாடிக்குப் போனால் அவர் கீழே இருந்தார். கீழே வந்தால் லேப்பில் இருந்தார். அறை அறையாகப் போய், "வந்துட்டா? வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டு, யாரும் பதில் சொல்வதற்குள் அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் அறைக்கும் வந்தார். கட்டிலைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு இப்போ பரவால்லைல்லா?"

இடையில் குருவிகுளத்து அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "மேடம், அன்னைக்கு ஊசி போட்டது மரகதம் சிஸ்டர்லா? அவகிட்ட கேட்டா என்ன?" மரகதத்தின் போன் நம்பர் எங்கே? பழைய ஊழியர்களின் விவரமும் அந்தச் சர்வருக்குள்தான். ஆனால் அக்காவுக்கு வீடு தெரியும். பனவடலிசத்திரம், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மாவு மில்லை அடுத்த வீடு. போனில் கேட்டு ஊசி போட மாட்டேன், மரகதமே நேரில் வந்து சொல்லட்டும் என்றார் டாக்டரம்மா. நான் கணவருக்குப் போன் செய்தேன். மேலநீலிதநல்லூரிலிருந்து பக்கம்தான். அவர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. பைக் கிளம்பும் சத்தம் போனிலேயே கேட்டது.

மரகதம் ஏன் எங்கள் மருத்துவமனையில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் என் மகளுக்கு அந்த ஊசி பாதி ஏறும்போதே உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்து உருவியவள் அவள்தான். வீக்கம் வடிய மாற்று ஊசியை ஓடிப்போய் எடுத்து வந்ததும் அவள்தான். மறுநாள் ஏ.ஓ. நர்சுகள் மேஜைக்கு வந்தார். "எப்படி ஆச்சு சிஸ்டர்?" என்றார். அவள் எழுந்து சொல்லத் தொடங்கினாள். அவர் போய்விட்டார். மாலையில் ஒரு மெமோ வந்தது: உரிய விளக்கம் அளிக்கவில்லை. "கேட்டாவளே தவிர நிக்கலியே மேடம்" என்று என்னிடம் வந்து சொன்னாள். அந்த மாதமே வேலையை விட்டாள். அவளுக்காக நான் யாரிடமும் பேசவில்லை. மகள் பிழைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

பத்து மணியாகியும் வட்டம் சுற்றியது. டாக்டரம்மா ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு எண்ணை எனக்குச் சொல்லாமல் நர்சிடம் மட்டும் சொன்னார். மகள் அதற்குப் பிறகு பேசவில்லை. ஆபரேஷன் தியேட்டரின் கதவைத் தட்டினேன். உள்ளே வயிறு திறந்து கிடக்கிறது, இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

தாழ்வாரத்தில் வெளிர்நீலச் சட்டை தெரிந்தது. நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். என் இருபது வருட வேலையில் நான் சத்தம் போட்டதில்லை. அன்று போட்டேன்.

"நில்லுங்க சார்! மைக்ல சொல்லுங்க. யாரும் லாகின் பண்ண வேண்டாம், இன்னைக்கு அட்டெண்டன்ஸ் கிடையாதுன்னு சொல்லுங்க. என் பிள்ள செத்துப்போயிரும் சார்."

மருந்து வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நின்றார். கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். அதைக் காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறார். ஒன்பது நான்குக்குத் திரை நின்றது. ஒன்பது பத்துக்கெல்லாம் அவர் தேடிப் போனது இந்தத் தாளைத்தான் போலிருக்கிறது.

"டிரையல் ஃபார்ம்ல குறை இல்லைன்னு நீங்கதான மேடம் எழுதியிருக்கீங்க?"

மெதுவாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு நின்றார். பாதங்கள் என்னைப் பார்த்திருந்தன. எத்தனையோ கேள்விகள் கேட்ட மனிதர், அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பதிலுக்கு நின்றார். நான் தாளின் கீழே இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

அண்ணாச்சிதான் மூச்சிரைக்க வந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வரவேற்புக்குப் போய் மைக்கைக் கையில் எடுத்தார். "ஏ.ஓ. சார் சொல்லச் சொன்னாவ, எல்லாரும் கைய எடுங்க" என்று அவராகவே சொன்னார். பொய்தான். அதற்காக அவருக்கும் பிறகு ஒரு மெமோ வந்தது. ஆனால் அதற்குள் சர்வரில் வேறு ஏதோ முறிந்திருந்தது. திரைகள் திரும்ப வந்தது மதியம் பன்னிரண்டரைக்கு.

இன்றைக்கு அது நன்றாகவே ஓடுகிறது. பிரிவுக்குப் பிரிவு லாகின் நேரத்தைப் பிரித்துவிட்டார்கள். சர்வருக்குத் துணையாக இன்னொன்று வந்துவிட்டது. கேசுவால்டியிலும் பார்மஸியிலும் தலா ஒரு பழைய கணினி தனியாக ஓடுகிறது. அண்ணாச்சி கேட்டதெல்லாம் அதுதான். அந்தப் பெட்டிகள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சொல்லப்போனால் வசதியாகத்தான் இருக்கின்றன. அது நன்றாக ஓடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால், முதல் நாளிலிருந்தே இப்படி ஓடியிருக்கும். ஏ.ஓ. இப்போது எங்களிடம் இல்லை. இதைவிடப் பெரிய இடத்துக்குப் போய்விட்டார். அங்கே அறுநூறு கணினிகளாம். பிரிவு உபசாரத்தில் எங்கள் எல்லோரையும் பார்த்து, "என்மேல யாருக்கும் வருத்தம் இல்லைல்லா?" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேனா என்று ஞாபகம் இல்லை. தட்டியிருப்பேன்.

மகள் ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். இப்போது பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இரண்டு மருந்துப் பெயர்களை ஒரு அட்டையில் எழுதி, ஒன்றின் கீழே சிவப்புக் கோடு போட்டு அவள் பர்ஸில் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை போனில், "ஏட்டி, அது இருக்கா?" என்று கேட்கிறேன். "இருக்கும்மா" என்கிறாள். எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறாளா என்று மறுபடியும் கேட்கிறேன். அவளுக்குக் கோபம் வருகிறது. அவள் எடுத்துப் பார்த்து முடிக்கும்வரை நான் போனை வைப்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை, பத்தே முக்காலைத் தாண்டியிருக்கும். வாசலில் என் கணவரின் பைக் வந்து நின்றது. அவர் அதை நிறுத்துவதற்குள் பின்னாலிருந்து மரகதம் குதித்து இறங்கிவிட்டாள். வீட்டில் போட்டிருந்த நைட்டி, அதன் மேலே ஒரு துண்டு. கையெல்லாம் அரிசி மாவு. எங்கள் வாசலை இரண்டு வருடமாக மிதிக்காதவள், யாரிடமும் வழி கேட்காமல், தாழ்வாரத்தில் இருந்த யாரையும் பார்க்காமல், நேரே கட்டிலுக்கு வந்தாள். மகளின் கீழுதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பினாள்.

"செஃப்ட்ரையாக்சோன். அதைத் தொடாதீங்க. அமிகாசின் ரெண்டு நாள் போட்டோம், ஒண்ணும் செய்யல."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். எழுதவில்லை. "ரெண்டு வருஷம் ஆச்சே சிஸ்டர். உறுதியாத் தெரியுமா? எத்தனையோ பேஷண்டுக்குப் போட்டிருப்பீங்க."

"எத்தனையோ பேருக்குப் போட்டேன் டாக்டர். என் கையில போகப் பாத்தது இந்தப் பிள்ள ஒண்ணுதான்" என்றாள் மரகதம். "எழுதுங்க."